ஒரு செல் கட்டுப்பாட்டை மீறும்போது: புற்றுநோயை வகுப்பறையில் கற்பித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் புற்றுநோய் பற்றிய பகுதி சிறியது. வரையறை, வகைகள், காரணிகள், சிகிச்சை முறைகள் என்று வரிசையாகச் சொன்னால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். ஆனால் பாடம் முடிந்த பிறகு மாணவர்கள் கேட்கும் கேள்விகள் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. தென்சென்னை அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் மூன்று கேள்விகள் தவறாமல் வருகின்றன.

"மிஸ், கேன்சர் தொத்திக்குமா?"

"எங்க ஆயா பீடி, வெத்தலை எதுவுமே தொட்டதில்ல. அவங்களுக்கு ஏன் மிஸ் வந்துச்சு?"

"கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும்னு சொல்றாங்களே, நிஜமா மிஸ்?"

இவை தேர்வுக்காகக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. வீட்டில் யாருக்கோ நோய் வந்திருக்கிறது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது குழந்தையின் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் குழந்தை கேட்கக்கூடிய ஒரே இடம் நம் வகுப்பறைதான். சரியான விடை அங்கே கிடைத்தால் அது மாலையில் வீட்டுக்குப் போகும். ஒரு தாய் மருத்துவமனைக்கு ஆறு மாதம் முன்னதாகச் செல்லவும் அது காரணமாகலாம். எனவே இந்தப் பாடத்தை இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் வகையில் நடத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

செல் பிரிதலில் இருந்து தொடங்குவோம்

புற்றுநோயை நோய்கள் பட்டியலில் இருந்து தொடங்குவதைவிட, மாணவர்கள் ஏற்கெனவே படித்த மைட்டாசிஸ் செல் பிரிதலில் இருந்து தொடங்குவது நல்லது. நம் உடலில் 30 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் உள்ளன. அவற்றுள் பல ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. குடலின் உட்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. தோலின் மேலடுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிதாகிறது. இரத்தச் சிவப்பணு 120 நாள்கள் வாழ்கிறது. அதற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். மனிதச் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏவை எழுத்துகளாகக் கொண்டால் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள். இங்கே மாணவர்களிடம் ஒரு சிறு செயல்பாடு தரலாம். பாடநூலின் ஒரு பத்தியை முதல் மாணவர் பார்த்து எழுதட்டும். அவர் எழுதியதைப் பார்த்து இரண்டாமவர், அதைப் பார்த்து மூன்றாமவர் என்று பத்துப் பேர் எழுதட்டும். பத்தாவது தாளை மூலத்தோடு ஒப்பிட்டால் எங்கேனும் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருக்கும். ஒரு சொல் மாறியிருக்கும். 'நகலெடுக்கும்போது பிழை நேர்வது இயல்பு' என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

நம் செல்லிலும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றைச் செல்லே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. திருத்த முடியாத அளவுக்குப் பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர். இவ்விரண்டும் தவறி, பிழை தங்கிவிடும் செல்லில்தான் நம் கதை தொடங்குகிறது.

ஆக்சிலரேட்டர், பிரேக், மெக்கானிக்

எல்லாப் பிழைகளும் புற்றுநோயாக மாறுவதில்லை. செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களில் பிழை விழும்போதுதான் சிக்கல். இதற்கு நான் மாநகரப் பேருந்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்.

முதல் வகை மரபணுக்கள் ஆக்சிலரேட்டர் போன்றவை. வளர்ச்சிக்கான சைகை வரும்போது மட்டும் செல்லைப் பிரியச் செய்பவை. இவற்றில் மாற்றம் ஏற்பட்டால், மிதித்த ஆக்சிலரேட்டர் மேலே எழாமல் சிக்கிக்கொண்டது போலச் செல் சைகையின்றியே பிரிகிறது. இப்படி மாறிய மரபணுவை ஆன்கோஜீன் என்கிறோம்.

இரண்டாம் வகை மரபணுக்கள் பிரேக் போன்றவை. பிரிதலை நிறுத்துவதும், பழுதைச் சரிபார்க்கும் வரை செல்லைக் காத்திருக்கச் செய்வதும் இவற்றின் வேலை. ஒவ்வொரு செல்லிலும் இவை தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இரண்டும் செயலிழந்தால் வண்டி நிற்காது. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்பிரட் நட்சன் 1971ஆம் ஆண்டு இந்த 'இரண்டு அடி' கருத்தை முன்வைத்தார்.

மூன்றாம் வகை, பணிமனை மெக்கானிக் போன்ற மரபணுக்கள். டி.என்.ஏவில் ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்பவை இவை. மெக்கானிக்கே விடுப்பில் போய்விட்டால் அடுத்தடுத்த பழுதுகள் வேகமாகச் சேரும்.

பி53 என்ற மரபணுவைப் பற்றித் தனியாகச் சொல்லலாம். பிரிதலை நிறுத்துவது, பழுதுபார்க்க ஆணையிடுவது, முடியாவிட்டால் செல்லை அழியச் செய்வது என மூன்று பொறுப்புகளும் இதற்கு உண்டு. மனிதரில் காணப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு பழுதடைந்திருக்கிறது. மாணவர்கள் விரும்பிக் கேட்கும் ஒரு செய்தி: யானையின் உடலில் நம்மைவிடப் பல மடங்கு செல்கள் உள்ளன, கணக்குப்படி அதற்குப் புற்றுநோய் மிகுதியாக வர வேண்டும், ஆனால் அரிதாகவே வருகிறது. நமக்கு இந்த மரபணு ஓர் இணைதான். யானைக்கு ஏறத்தாழ 20 இணைகள் இருப்பது 2015இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

உவமையின் எல்லையையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு பேருந்தில் பிரேக் பழுதானால் அந்த ஒரு பேருந்துதான் ஓடும். செல்லில் பிரேக் பழுதானால் அது பிரிந்து உருவாகும் எல்லாச் செல்களுக்கும் அதே பழுது சேர்ந்தே போகும். புற்றுநோயின் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத முப்பது படிகள்

"நல்லா இருந்தவருக்குத் திடீர்னு வந்துடுச்சு" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை என்பதைக் கணக்கின் வழியாகக் காட்டலாம்.

செயல்பாடு: ஒரு கைப்பிடி பாசிப்பயறு போதும். மேசையில் ஒரு பயறு வைக்கவும். அடுத்து 2, பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகவும். ஆறேழு படிகளிலேயே மாணவர்களுக்கு எண்ணுவது கடினமாகிவிடும். பத்தாவது முறை இரட்டிக்கும்போது 1,024. அதற்கு மேல் கரும்பலகையில் கணக்கிடலாம். 20ஆவது முறை 10,48,576. 30ஆவது முறை 107,37,41,824. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை தெரிந்த மாணவர்கள் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுவார்கள்.

இனி இதைக் கட்டியோடு பொருத்துவோம். 20 இரட்டிப்புகளுக்குப் பிறகு ஏறத்தாழ 10 லட்சம் செல்கள். அது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளி. 30 இரட்டிப்புகளுக்குப் பிறகு ஏறத்தாழ 100 கோடி செல்கள். அது ஒரு சென்டிமீட்டர் அளவு, ஒரு கிராம் எடை. கையால் தடவிப் பார்த்தால் கட்டி தெரியத் தொடங்குவது பெரும்பாலும் இந்த அளவில்தான். இன்னும் பத்தே இரட்டிப்புகளில் அது ஒரு கிலோ ஆகிவிடும்; உயிர் தாங்காத அளவு. அதாவது 40 படிகளில் முதல் 30 படிகள் நம் கண்ணுக்கும் கைக்கும் தெரியாமலே கடந்துவிடுகின்றன.

ஓர் இரட்டிப்புக்கு 100 நாள்கள் என்று வைத்துக்கொண்டால், 30 இரட்டிப்புகளுக்கு 3,000 நாள்கள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல். உண்மையில் வேகம் புற்றுநோய்க்குப் புற்றுநோய் மாறுபடும். வழியில் பல செல்கள் இறக்கவும் செய்யும். ஆனாலும் 'தெரியாமல் இருக்கும் காலம் நீண்டது. தெரிந்த பிறகு இருக்கும் காலம் குறுகியது' என்ற கருத்து மாணவர் மனத்தில் பதிந்துவிடும். நோய் அறிகுறி இல்லாதபோதே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல விளக்கம் இல்லை.

இன்னொரு தடையையும் கட்டி கடக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர, உள்ளே இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் வேண்டும். அப்போது கட்டி சில வேதிச் சைகைகளை அனுப்பி, அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் செய்கிறது. உணவு வருவதற்குப் போடப்பட்ட இதே பாதை, பின்னர் செல்கள் வெளியேறும் பாதையாகவும் ஆகிறது.

"எங்க ஆயாவுக்கு ஏன் வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது நிதானம் வேண்டும். புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. புகையிலைப் புகையில் உள்ள ஏறத்தாழ 7,000 வேதிப்பொருள்களில் 70 அளவில் புற்றுநோய்க் காரணிகள். மெல்லும் புகையிலையும் அதே ஆபத்துடையது. புகையிலை சேர்க்காத பாக்குகூடப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. பள்ளி வாசலில் வண்ணப் பொட்டலங்களில் தொங்கும் பாக்குத்தூளை இனிப்பு மிட்டாய் போல நினைக்கும் மாணவர்களுக்கு இது கட்டாயம் சொல்லப்பட வேண்டும். மது, புற ஊதாக் கதிர், காற்று மாசு, கல்நார் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

ஆனால் "புகை பிடித்தால் புற்றுநோய் வரும்" என்பதைத் திருப்பிப் போட்டு, "புற்றுநோய் வந்தவர் எல்லாம் ஏதோ தப்புச் செய்தவர்" என்று மாணவர் புரிந்துகொள்ள இடம் தரக் கூடாது. மரபுவழியாகப் பெற்ற பழுதான மரபணு 5 முதல் 10 விழுக்காடு புற்றுநோய்களுக்குக் காரணம். வயது ஒரு பெரிய காரணி. ஆண்டுகள் கூடக் கூட நகலெடுப்புப் பிழைகளும் சேர்கின்றன. யாருடைய தவறும் இல்லாமல், செல் பிரிதலின்போது தற்செயலாக நேரும் பிழையும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் இத்தகையது. அதற்கும் பெற்றோர் கொடுத்த உணவுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அந்த மாணவிக்கு நான் சொல்வது இதுதான்: "ஆயா ஒன்றும் தப்புச் செய்யவில்லை. ஒரு செல்லில் விழுந்த எழுத்துப்பிழை அது." இதற்கு அடுத்த வரியும் முக்கியம்: உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 30 முதல் 50 விழுக்காடு புற்றுநோய்களைத் தடுக்க முடியும். தற்செயலைத் தடுக்க நம்மால் முடியாது. புகையிலையைத் தொடாமல் இருக்க முடியும்.

"தொத்திக்குமா?"

தொற்றாது. அருகில் அமர்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, ஒரே துணியை உடுத்தினாலோ புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. ஒருவருடைய செல் இன்னொருவர் உடலில் நுழைந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாக அடையாளம் கண்டு அழித்துவிடும். நோயாளிக்குத் தனி டம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கும் வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை.

மேல்நிலை வகுப்புகளில் ஒரு நுட்பத்தைச் சேர்த்துச் சொல்லலாம். புற்றுநோய் தொற்றாது, ஆனால் சில புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் கிருமிகள் தொற்றும். கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒரு காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பாலுறவுத் தொடர்பு வழியாகப் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலோரின் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடும். அகலாமல் தங்கினால், அதன் இரண்டு புரதங்கள் செல்லின் முக்கியமான இரண்டு பிரேக்குகளைச் செயலிழக்கச் செய்கின்றன. அவற்றுள் ஒன்று நாம் மேலே பார்த்த பி53. அங்கிருந்து புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஆகவே இங்கே இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, வைரஸ் நுழையும் முன்பே தடுப்பூசி. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாடு அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கான திட்டத்தை அறிவித்தது. இரண்டு, அந்த நீண்ட இடைவெளியில் பரிசோதனை. அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பை வாயில் தடவினால் மாறுபட்ட செல்கள் உள்ள இடம் வெண்மையாகத் தெரியும். வேதியியல் பாடத்தில் படிக்கும் அதே அசிட்டிக் அமிலம், வினிகரில் உள்ளதுதான்! அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த எளிய பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்பதை மாணவியர் தம் தாய்மாரிடம் சொல்லட்டும்.

எப்படிப் பரவுகிறது?

தீங்கற்ற கட்டி இருந்த இடத்திலேயே வளரும். புற்றுநோய்க் கட்டி எல்லை தாண்டும். இந்தப் பரவலுக்கு மெட்டாஸ்டாசிஸ் என்று பெயர். புற்றுநோயால் ஏற்படும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தோன்றிய கட்டியைவிட இந்தப் பரவலே காரணம். பரவலைப் பின்வரும் ஐந்து படிகளாகக் கரும்பலகையில் வரையலாம்.

1. பிணைப்பை விடுதல்: இயல்பான எபிதீலியச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். புற்றுநோய்ச் செல் இந்த ஒட்டுதலை இழந்து நகரும் தன்மை பெறுகிறது.

2. வேலியைத் தாண்டுதல்: எபிதீலியத்தின் அடியில் அடித்தளச் சவ்வு என்ற வேலி உள்ளது. செல் நொதிகளைச் சுரந்து இதைக் கரைத்து வெளியேறுகிறது. வேலியைத் தாண்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

3. பயணத்தில் சேருதல்: அருகிலுள்ள நிணநீர் நாளத்திலோ இரத்தக் குழாயிலோ நுழைகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவரின் அக்குளில் மருத்துவர் நிணநீர் முடிச்சுகளைச் சோதிப்பது இதனால்தான்.

4. பயணத்தில் பிழைத்தல்: இரத்த ஓட்டத்தின் விசையும் நோய் எதிர்ப்புச் செல்களும் பெரும்பாலான செல்களை அழித்துவிடுகின்றன. மிகச் சிலவே தப்புகின்றன.

5. குடியேறுதல்: தப்பிய செல் புதிய உறுப்பில் இறங்கி வளரத் தொடங்குகிறது. சில செல்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின் வளர்வதும் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் தொடர் பரிசோதனைக்கு வரச் சொல்வது இதற்காகவே.

ஐந்தாம் படியை விளக்க அடையாற்றில் மிதக்கும் ஆகாயத்தாமரை உதவும். செடி ஓரிடத்தில் படர்ந்திருக்கும். நீர்வரத்து கூடும்போது துண்டுகள் பிய்ந்து ஆற்றோடு போகும். தேங்கிய நன்னீர் கிடைத்த இடத்தில் ஒரு துண்டு தங்கிப் புதிதாகப் படரும். முகத்துவாரம் தாண்டிக் கடலில் கலந்த துண்டுகளோ உப்புநீரில் கருகிவிடும். துண்டு போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. சேர்ந்த இடமும் ஒத்துவர வேண்டும். 1889ஆம் ஆண்டு ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து இதைத்தான் சொன்னார்: புற்றுநோய்ச் செல் விதை, உறுப்பு மண், ஏற்ற மண்ணில்தான் விதை முளைக்கும். மார்பகப் புற்றுநோய் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளைக்கும், பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலுக்கும், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்கும் செல்வது இவ்வாறே. ஆற்றின் போக்கும் இதில் பங்கு வகிக்கிறது. குடலில் இருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தானே போகிறது.

ஒரு தெளிவு: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எலும்பில் குடியேறிய மார்பகச் செல்கள் அவை. சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும்.

"கத்தி பட்டால் பரவுமா?"

இந்த நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. பயாப்ஸி என்னும் திசு ஆய்வுக்கே அஞ்சி, மாதக்கணக்கில் வேறு வைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில் வருவோர் பலர். பிறகு அறுவை சிகிச்சை நடக்கிறது. நோய் ஏற்கெனவே பரவியிருந்தது தெரியவருகிறது. "கத்தி பட்டது, பரவிவிட்டது" என்று ஊர் பேசுகிறது. முன்னால் நடந்ததையெல்லாம் அதற்குக் காரணமாகக் கொள்ளும் பிழை இது. சேவல் கூவியது, பொழுது விடிந்தது. அதனால் சேவல்தான் விடிய வைத்தது என்பது போல.

மேலே பார்த்த ஐந்து படிகளைக் கொண்டு மாணவர்களையே சிந்திக்க விடலாம். பரவுவதற்குச் செல்லுக்கு வேண்டியது அதனுள்ளேயே ஏற்பட்ட மாற்றங்கள். மருத்துவர் ஊசி குத்தாமலே அது வேலியைத் தாண்டும். ஊசியாலோ கத்தியாலோ செல்கள் சிதறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதையும் தவிர்க்கத்தான் எந்தக் கட்டிக்கு எந்த முறை என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்து பலிக்கும் என்று தெரிய வேறு வழி இல்லை. ஆய்வைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நாம் பயறு அடுக்கிய கணக்கில் ஒரு படியை நோக்கி நகர்கிறது.

நம் ஊரின் பாடம்

இந்தப் பாடத்துக்கு வேண்டிய வரலாறு நம் ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த இழப்பு அவர் மனத்தில் ஒரு மருத்துவமனையாக வளர்ந்தது. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் ஒரு சிறு கட்டடத்தில் தொடங்கியது. புற்றுநோய் என்றால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியுடன் 1955இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. மயிலாப்பூரில் பிறந்து, இன்று பி.எஸ். சிவசாமி மேல்நிலைப் பள்ளி என்று வழங்கும் பள்ளியில் படித்தவர். வேறு அரசுப் பணி கிடைத்தும் அதை விட்டு இங்கே வந்தார். மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். 2021 ஜனவரி 19 அன்று மறையும் வரை அவர் வலியுறுத்தியது, பணம் இல்லாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதே.

இம்மருத்துவமனை 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கான மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. சென்னைப் பெண்களிடம் அப்போது முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைந்து, இன்று மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு நகரத்தின் வாழ்க்கைமுறை, திருமண வயது, மகப்பேறு, சுகாதாரம் ஆகியவை மாறும்போது அதன் நோய்களும் மாறும் என்பதற்கு இது சான்று. சமூக அறிவியல் ஆசிரியருடன் இணைந்து நடத்த ஏற்ற பகுதி.

முடி ஏன் கொட்டுகிறது?

கட்டியை அகற்றுவது அறுவை சிகிச்சை, டி.என்.ஏவைச் சிதைத்துச் செல்லைப் பிரியவிடாமல் செய்வது கதிர்வீச்சு. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவது கீமோதெரபி. முடி வேர், வாயின் உட்பரப்பு, குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தாக்குவதால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்த வெள்ளையணுக்கள் குறைகின்றன. சிகிச்சை முடிந்ததும் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும்.

சிகிச்சை முடித்துத் தொப்பியோடோ துப்பட்டாவால் தலையை மூடியோ ஒரு குழந்தை நம் வகுப்புக்குத் திரும்பி வரலாம். அந்தக் குழந்தை வருவதற்கு முதல் நாள், பெற்றோரின் ஒப்புதலுடன், வகுப்பில் இந்தப் பத்தியைச் சொல்லிவிடுவது பெரும் உதவி. முடியைப் பற்றி யாரும் கேட்கத் தேவையிருக்காது. பக்கத்தில் உட்கார யாரும் தயங்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தக் குழந்தையிடமிருந்து நமக்கு எதுவும் தொற்றாது, ஆனால் நம் சளியும் காய்ச்சலும் அந்தக் குழந்தைக்கு ஆபத்து. சளி பிடித்தவர்தான் தள்ளி உட்கார வேண்டும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன், வகுப்பில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாணவர்களைக் கை தூக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. கேள்விகளைப் பெயரின்றித் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் செய்தால், வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர்களும் கேட்பார்கள். 'கொடிய நோய்', 'உயிர்க்கொல்லி' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'சிகிச்சை உள்ள நோய்' என்று சொல்லிப் பழகலாம். அதேவேளையில், எல்லாருக்கும் குணமாகிவிடும் என்ற உறுதியையும் தர வேண்டாம்; அப்படி ஆகாத வீட்டுப் பிள்ளையும் நம் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளைத் திட்டு, வலியில்லாத கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு, நீடிக்கும் இருமல் அல்லது குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல் ஆகிய அறிகுறிகளை மாணவர்களே சுவரொட்டியாக எழுதட்டும். இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றே பொருள் என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும். புகையிலையை விட விரும்புவோருக்கான கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356. மருத்துவ ஆலோசனைக்கு 104. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதலாம். பள்ளியிலிருந்து 100 கெஜ எல்லைக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டிய பொறுப்பு நம்முடையது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பிரேக் போன்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் என்ன ஆகும்? இரண்டும் பழுதானால்?

2. 25 இரட்டிப்புகளுக்குப் பிறகு எத்தனை செல்கள் இருக்கும்? அந்தக் கட்டியைக் கையால் உணர முடியுமா?

3. நுரையீரலில் குடியேறிய பெருங்குடல் புற்றுநோயை நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லலாமா? காரணம் கூறுக.

4. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஊசி போட்டுப் பார்த்தால் பரவிவிடும், நான் போகமாட்டேன்" என்கிறார். அவருக்குப் புரியும் மொழியில் ஐந்து வரிகளில் எடுத்துச் சொல்க.

நான்காவது வினாவுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைப்பது வழக்கம். அந்த விடையை மாணவர்கள் தாளில் எழுதுவதோடு நிறுத்தாமல் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். அடுத்த நாள், யாரிடம் சொன்னார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேளுங்கள்.